வீட்டுத் தரைக்கு ஓடு பதித்தல்: உள்ளூர் மேஸ்திரியை அமர்த்தும் முறை

உழவர் குடும்பம் ஒன்று தன் வாழ்நாளில் செய்யும் பெருஞ்செலவுகளுள் வீடு கட்டுவது முதன்மையானது. நிலத்தில் இட்ட முதல் ஒரு போகத்தில் பொய்த்தால், மறு போகத்திலாவது திரும்பும் என்று நம்பலாம். வீட்டில் இட்ட முதலோ பெரும்பாலும் ஒரே முறை இடப்படுவது. அதில் நேரும் பிழையைத் திருத்த இரண்டாம் முறை பணம் தேடுவது யாவர்க்கும் எளிதன்று. ஆதலின், வீட்டு வேலைகளுள் இந்நாளில் ஊர்தோறும் நடைபெற்று வரும் தரை ஓடு பதிக்கும் வேலையைப் பற்றியும், அதற்கு உள்ளூர் மேஸ்திரியை அமர்த்தும் முறையைப் பற்றியும் ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் அறிந்துகொள்ள வேண்டியவற்றை இக்கட்டுரையில் தொகுத்துக் கூற விரும்புகிறோம்.

நம் முன்னோர் மண் தரையைச் சாணமிட்டு மெழுகினர். பின்னர் சுண்ணாம்புத் தளமும், சிமெண்டுத் தளமும், காவிப் பொடி கலந்த சிவப்புத் தளமும் வந்தன. கண்ணாடியின் மேல் வண்ணச் சிமெண்டை வார்த்துக் கையால் செய்யப்படும் ஆத்தங்குடி ஓடு செட்டிநாட்டு வீடுகளுக்கு இன்றும் பெருமை சேர்க்கிறது. எனினும், இப்பொழுது நம் சிற்றூர்களில் மிகுதியாகப் பதிக்கப்படுபவை, 'டைல்ஸ்' என்று வழங்கும் சுட்ட பீங்கான் ஓடுகளே. இவற்றுள் பெரும்பகுதி குஜராத் மாநிலத்தின் மோர்பிப் பகுதியில் செய்யப்பட்டு, ஆயிரம் மைலுக்கு மேல் லாரியில் வந்து நம் கடைகளைச் சேர்கின்றது. 2016ஆம் ஆண்டு தொடங்கிய பிரதம மந்திரி ஊரக வீட்டு வசதித் திட்டத்திலும், 2024ஆம் ஆண்டு தமிழக அரசு தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்திலும் வீடு பெறுவோர் சிலர், திட்டத் தொகைக்கு மேல் தம் சேமிப்பையும் போட்டு ஓடு பதித்துக்கொள்வதைக் காண்கிறோம். நகையை அடகு வைத்துப் பதிப்போரும் உளர்.

இவ்வேலையின் தனி இயல்பு

சுவர் சாய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். கூரை ஒழுகினால் அடுத்த மழையில் தெரியும். தரை ஓட்டு வேலையோ தன் குறைகளைத் தானே மூடிக்கொள்ளும் வேலை. அடியில் மண் இறுகியிருக்கிறதா, கலவை எல்லா இடத்திலும் நிரம்பியிருக்கிறதா, குளியலறையில் நீர் தடுக்கும் பூச்சு இடப்பட்டதா என்பவற்றை, மேலே ஓடு பதித்த பின் எவரும் காண இயலாது. வேலை முடிந்த அன்று நல்ல தரையும் கெட்ட தரையும் ஒன்று போலவே பளபளக்கும். வேறுபாடு தெரிவதற்கு ஓராண்டோ ஈராண்டோ செல்லும். அதற்குள் பணம் முழுவதும் கைமாறியிருக்கும்.

ஆகவே, இவ்வேலையில் முடிந்த பின் ஆராய்வதைவிட, தொடங்குமுன் பேசி எழுதிக்கொள்வதும், மூடுமுன் பார்ப்பதுமே பயன் தருவன. பின்வருவன யாவும் இவ்விரண்டின் விரிவேயாகும்.

யாரை அமர்த்துவது?

வெளியூர்க்காரரைவிட உள்ளூர் மேஸ்திரியை அமர்த்துவதே பெரும்பாலும் நன்று. நாளை ஓர் ஓடு பெயர்ந்தால் அவரைக் கூப்பிடலாம். அவர் முன்பு செய்த வேலைகளை நடந்து சென்றே பார்க்கலாம். ஊரில் நற்பெயர் கெட்டால் அவருக்குப் பிழைப்புக் கெடும் என்பதும் நமக்கு ஒரு பாதுகாப்பே.

எனினும், 'நம்ம ஊர்ப் பிள்ளை', 'மாமன் மகன்' என்ற ஒன்றையே தகுதியாகக் கொள்ளலாகாது. சுவர் கட்டுவதில் தேர்ந்த கொத்தனார் எல்லாரும் ஓடு பதிப்பதில் தேர்ந்தவரல்லர். அவர் அண்மையில் முடித்த வேலையைப் பார்ப்பதோடு நில்லாமல், இரண்டு மழைக்காலம் கண்ட வேலை ஒன்றையாவது பார்க்க வேண்டும். அவ்வீட்டில் ஒரு நாணயத்தாலோ சிறு கம்பியாலோ ஓடுகளைத் தட்டிக்கொண்டே செல்லலாம். அடி நிரம்பிய ஓடு கட்டியான ஒலி தரும். அடியில் காலியிடம் உள்ள ஓடு பானையைத் தட்டினாற்போல் ஒலிக்கும். குளியலறையில் ஒரு வாளி நீரை ஊற்றி, அது தேங்காமல் வடிகிறதா என்று காணலாம். வீட்டுக்காரரிடம், சொன்ன நாளில் முடித்தாரா, இடையில் வேறு வேலைக்குப் போய்விட்டாரா, பேசிய தொகைக்கு மேல் கேட்டாரா என்ற மூன்றையும் விசாரிக்க வேண்டும்.

குறைந்தது இருவரிடமாவது விலை கேட்பது நலம். மிகக் குறைத்துச் சொல்பவரிடம், எதனால் குறைவு என்று கேட்டறிய வேண்டும். கூலி குறைவதற்கு, கலவையில் சிமெண்டு குறைவதும், தேர்ந்த கொத்தனாருக்குப் பதில் பழகுபவரை அனுப்புவதும் காரணமாக இருத்தல் கூடும்.

மூவகை ஏற்பாடு

முதலாவது நாட்கூலி முறை. இதில் வேலையின் வேகமும் பொறுப்பும் வீட்டுக்காரரைச் சாரும். ஓர் அறை, ஒரு திண்ணை போன்ற சிறு வேலைகளுக்கு இது ஏற்றது. இரண்டாவது, பொருள்களை வீட்டுக்காரர் வாங்கித் தர, சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசும் முறை. நம் ஊர்களில் பெரிதும் வழங்குவது இதுவே. மூன்றாவது, பொருளும் கூலியும் சேர்த்து முழுவதையும் ஒப்பந்தக்காரரிடம் விடும் முறை. இதில் அலைச்சல் குறைவு. ஆயின் ஓட்டின் வகை, அளவு, சிமெண்டின் தரம் ஆகியவற்றை முன்னதாகவே குறித்துக்கொள்ளாவிடில் இழப்பு நேரும்.

உழவர் குடும்பத்துக்கு இரண்டாம் முறையே ஏற்றது என்பது நம் கருத்து. பொருளின் ரசீது நம் கையில் இருக்கும். வேலைத் திறமைக்கு மேஸ்திரி பொறுப்பாவார்.

அளவும் கணக்கும்

எத்தனை பெட்டி ஓடு வேண்டும் என்பதைக் கடைக்காரர் சொல்லக் கேட்டு வாங்குவதினும், நாமே கணக்கிட்டுச் செல்வது சிறந்தது. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம்.

10 அடிக்கு 15 அடியில் ஒரு கூடமும், 10 அடிக்கு 10 அடியில் ஓர் அறையும் உள்ளன என்று கொள்வோம். தரைப் பரப்பு 150ம் 100ம் சேர்ந்து 250 சதுர அடி. அடுத்து, சுவரின் அடியில் 4 அங்குல உயரத்துக்குப் பதிக்கும் பட்டியைக் கணக்கிட வேண்டும். கூடத்தின் சுற்றளவு 50 அடி, அறையின் சுற்றளவு 40 அடி, ஆக 90 அடி. இதில் வாசற்கால்களுக்காக 12 அடியைக் கழித்தால் 78 அடி நீளம் வரும். உயரம் 4 அங்குலம், அதாவது அடியில் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே பட்டியின் பரப்பு 26 சதுர அடி. மொத்தம் 276 சதுர அடி. வெட்டுவதிலும் உடைவதிலும் வீணாவதற்கு நூற்றுக்குப் பத்து வீதம் சேர்த்தால், ஏறத்தாழ 304 சதுர அடி ஓடு வேண்டும்.

இனி ஒரு நுட்பம் உண்டு. 'இரண்டுக்கு இரண்டு' என்று விற்கப்படும் ஓடு, உண்மையில் 600 மில்லிமீட்டர் சதுரம். அது முழு இரண்டடி அன்று. நான்கு ஓடு கொண்ட பெட்டி 16 சதுர அடியை மூடாது; 15½ சதுர அடியையே மூடும். 304ஐ 15½ஆல் வகுத்தால் 19.6 வரும். எனவே 20 பெட்டிகள் வேண்டும். இவற்றுடன் ஒரு பெட்டி மிகுதியாக வாங்கி வைப்பது வீண் செலவன்று. சில ஆண்டுகளுக்குப் பின் ஓர் ஓடு உடைந்தால், அதே நிறமும் அச்சும் கொண்ட ஓடு கடையில் கிடைப்பது அரிது.

ஓடு வாங்கும்பொழுது

செராமிக் என்னும் வகை நீரை ஓரளவு உறிஞ்சும். சுவருக்கு ஏற்ற மெல்லிய ஓடுகள் பெரும்பாலும் இவ்வகை. விட்ரிஃபைடு என்னும் வகை மிக்க வெப்பத்தில் இறுகியது. எடையில் நூற்றுக்கு அரைப் பங்குக்கு மேல் நீர் உறிஞ்சாது. நடமாட்டம் மிகுந்த தரைக்கு இதுவே உழைக்கும். சுட்ட ஓடுகளுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 15622 ஆகும். ஓடு ஒட்டும் பசைக்கு உரியது ஐ.எஸ். 15477. வாங்கும் பெட்டியிலும் பையிலும் இவ்வெண்கள் உள்ளனவா என்று பார்க்கலாம்.

ஒவ்வொரு பெட்டியிலும் தொகுதி எண்ணும் நிறக் குறியும் அச்சிடப்பட்டிருக்கும். எல்லாப் பெட்டிகளிலும் அவை ஒன்றாக இருத்தல் வேண்டும். வேறு தொகுதி ஓடு கலந்தால், பகல் வெளிச்சத்தில் தரை திட்டுத் திட்டாகத் தெரியும். குளியலறைக்கும், கொல்லைப்புறத்துக்கும், மழைச்சாரல் விழும் திண்ணைக்கும் வழவழப்பான ஓட்டை ஒருபோதும் வாங்கலாகாது. வயல் வேலை முடித்து ஈரக் காலுடன் வருவோரும், முதியோரும் வழுக்கி விழுந்து எலும்பு முறிவது ஊர்தோறும் நிகழ்வதே. சொரசொரப்பான ஓடு அழகில் சற்றுக் குறைந்தாலும் பாதுகாப்பில் மிகுந்தது. கடையில் ரசீது கேட்டு வாங்கி வைப்பதும், உடையாத முழுப் பெட்டிகளைத் திரும்ப எடுத்துக்கொள்வாரா என்று முன்பே கேட்டு ரசீதில் எழுதிக்கொள்வதும் நன்று.

எழுத வேண்டியவை

நம் ஒன்றியத்து ஊர் ஒன்றில் நேர்ந்ததை இங்குக் குறிப்பிடலாம். உறவினரான மேஸ்திரியிடம் ஒருவர் வேலையை ஒப்படைத்தார். சதுர அடிக்கு இவ்வளவு என்று வாய்ப்பேச்சாகப் பேசினர். வேலை குறையின்றி முடிந்தது. கணக்குத் தீர்க்கும்பொழுது, சுவரடிப் பட்டியை மேஸ்திரி நீள அடியில் அளந்தார். வீட்டுக்காரர் சதுர அடியில் அளந்தார். மேலே கண்ட எடுத்துக்காட்டையே கொண்டால், ஒருவர் கணக்கில் 78, மற்றவர் கணக்கில் 26. மூன்று மடங்கு வேறுபாடு. பட்டி வெட்டிப் பதிப்பதில் உழைப்பு மிகுதி என்பதால் மேஸ்திரி கேட்டதில் நியாயம் உண்டு. முன்னரே சொல்லவில்லையே என்று வீட்டுக்காரர் கேட்டதிலும் நியாயம் உண்டு. இருவரும் நேர்மையாளரே. ஆயினும் அவ்வாண்டு நடந்த காதுகுத்துக்கு ஒரு வீட்டார் மற்ற வீட்டாரை அழைக்கவில்லை.

எழுதிக் கேட்டால் உறவு கெடும் என்று நம்மவர் கூசுவதுண்டு. எழுதாமையாலேயே உறவு கெடுவதை மேற்கண்ட நிகழ்ச்சி காட்டுகிறது. அந்நியரிடம் எழுதாமல் விட்டால் பணம் மட்டுமே போகும். உறவினரிடம் எழுதாமல் விட்டால் பணத்தோடு உறவும் போகும். ஒரு தாளில் கீழ்க்கண்டவற்றை எளிய தமிழில் எழுதி, இருவரும் கையொப்பமிட்டு, ஆளுக்கொரு படி வைத்துக்கொண்டால் போதும்.

1. வேலை நடைபெறும் அறைகள், அவற்றின் நீள அகலம், பதிக்கும் ஓட்டின் அளவும் வகையும்.

2. தரைக்குக் கூலி சதுர அடிக்கு எவ்வளவு. சுவரடிப் பட்டிக்கும் படிக்கட்டு விளிம்புக்கும் நீள அடிக்கு எவ்வளவு. அளப்பது பதித்த பரப்பையா, வாங்கிய ஓட்டையா என்பது. பதித்த பரப்பை அளப்பதே முறை.

3. பழைய தளத்தைக் கொத்துதல், மட்டம் செய்தல், குப்பை அகற்றுதல், இணைப்புகளில் பூச்சு நிரப்புதல் ஆகியவை கூலியில் அடங்குமா, தனியா என்பது.

4. எந்தப் பொருளை யார் வாங்குவது. வெட்டும் இயந்திரம், மின்சாரம், தண்ணீர் யாருடையவை என்பது.

5. தொடங்கும் நாள், முடிக்கும் நாள், நாள்தோறும் எத்தனை கொத்தனார், எத்தனை சித்தாள் என்பது. நடவு, அறுவடை, ஊர்த் திருவிழா ஆகியவற்றைக் கருதியே நாள் குறிக்க வேண்டும்.

6. பணம் கொடுக்கும் தவணைகள்.

7. ஓராண்டுக்குள் ஓடு பெயர்ந்தாலோ, உள்ளே காலியொலி தோன்றினாலோ, மேஸ்திரி கூலியின்றிச் சரி செய்து தருவார் என்னும் உறுதி.

8. இடையில் வேலை மாறினால் அல்லது கூடினால், அதற்கான தொகையை அதே தாளில் எழுதிய பின்னரே செய்வது என்னும் விதி.

பணம் கொடுக்கும் முறை

வேலைக்கு முன்னே பணம் ஓடலாகாது; பணத்துக்கு முன்னே வேலை நெடுந்தூரம் ஓடலாகாது. முன்பணமாக நூற்றுக்குப் பத்து, தரை பாதி முடிந்ததும் நாற்பது, இணைப்புப் பூச்சு முடிந்து தரையைத் தட்டிப் பார்த்த பின் நாற்பது, ஒரு மாதம் கழித்துக் கடைசிப் பத்து என்று நான்கு தவணைகளாகப் பிரிப்பது இருவர்க்கும் நியாயமானது. வார இறுதியில் ஆட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டிய நிலையில் மேஸ்திரி இருப்பார் என்பதையும் வீட்டுக்காரர் மறக்கலாகாது. குறித்த கட்டம் முடிந்தும் பணத்தை இழுத்தடிப்பது, அரைகுறையாக வேலையை விட்டுப் போவதற்கு ஒப்பான தவறேயாகும். வங்கி வழியாகவோ கைப்பேசி வழியாகவோ செலுத்தினால் பதிவு இருக்கும். ரொக்கமாகக் கொடுத்தால், தொகையையும் நாளையும் தாளின் பின்புறம் எழுதிக் கையொப்பம் பெறுதல் வேண்டும்.

மூடுமுன் பார்க்க வேண்டியவை

முதலில் பார்க்க வேண்டியது நிரப்பு மண். கைம்பெண் ஒருவர், காதில் கிடந்ததையும் அடகு வைத்துப் பதித்த தரை, முதல் மழைக்காலத்திலேயே நடுவில் அமிழ்ந்து விரிந்தது. அடித்தளத்தில் கொட்டிய மண் திமிசு போட்டு இறுக்கப்படவில்லை. மண் நிரப்பியவர் ஒருவர். ஓடு பதித்தவர் வேறொருவர். இருவரும் ஒருவரை ஒருவர் காட்டினர். அடகுக்கு வட்டி மட்டும் தவறாமல் ஏறிற்று. நிரப்பு மண்ணை அரையடி முதல் முக்காலடி வரையிலான அடுக்குகளாகக் கொட்டி, ஒவ்வோர் அடுக்கையும் நீர் விட்டுத் திமிசு போட வேண்டும். அதன் மேல் 4 அங்குலக் கான்கிரீட்டுத் தளம் இட்டு, ஒரு வாரம் நீர் தெளித்து ஆற்ற வேண்டும். ஓடு பதிப்பவர் தொடங்குமுன் இத்தளத்தைப் பார்த்து, 'அடித்தளம் சரியாக உள்ளது' என்று தாளில் எழுதிக் கொடுப்பாராயின், பின்னர் ஒருவர் மேல் ஒருவர் பழி சொல்ல இடமிராது.

அடுத்தது மட்டம். கலவையும் ஓடும் சேர்ந்து ஏறத்தாழ இரண்டங்குலம் தரை உயரும். கதவுகள் தட்டுமா, வாசலுக்கு வெளியே இருக்கும் தரை இதைவிடத் தாழ்ந்திருக்கிறதா என்பதை முதலிலேயே பார்க்க வேண்டும். எல்லா அறைகளுக்கும் பொதுவான மட்டத்தை நீர்க்குழாய் மட்டத்தால் சுவரில் குறித்துக்கொள்ள வேண்டும். அறை மூலை செங்கோணமாக உள்ளதா என்பதை அறிய, மூலையிலிருந்து ஒரு சுவரில் 3 அடியும் மறு சுவரில் 4 அடியும் குறித்து, அவ்விரு குறிகளுக்கும் இடையே 5 அடி வருகிறதா என்று அளந்தால் போதும். ஓடுகளை முதலில் கலவையின்றி ஒரு வரிசை பரப்பிப் பார்த்து, வெட்டுத் துண்டுகள் வாசற்படி அருகில் விழாமல் சுவர் ஓரத்தில் விழுமாறு அமைப்பது தேர்ந்த கொத்தனாரின் வழக்கம்.

மூன்றாவது கலவை. சிமெண்டு ஒரு பங்குக்கு மணல் நான்கு முதல் ஆறு பங்கு வரை கொள்வது வழக்கு. சலித்த மணலோ நல்ல எம்-சாண்டோ வேண்டும். உவர் மணலாயின் இணைப்புகளில் வெள்ளை உப்புப் பூக்கும். செராமிக் ஓட்டைச் சிமெண்டுக் கலவையில் பதிப்பதாயின், முன்பே நீரில் ஊறவைக்க வேண்டும். இல்லாவிடில் கலவையின் ஈரத்தை ஓடு உறிஞ்சிவிடும். விட்ரிஃபைடு ஓட்டுக்கு ஊறல் வேண்டுவதில்லை. ஆனால் அது நீர் உறிஞ்சாமையால் வெறுஞ் சிமெண்டுப் பால் அதை நன்றாகப் பற்றாது. அதற்கென விற்கும் பசையே பற்றும். சுவரில் இவ்வோட்டைப் பதிப்பதாயின் பசை இன்றியமையாதது. பசையை ஓட்டின் நான்கு மூலையிலும் நடுவிலும் உருண்டையாக வைத்து ஒட்டுவது வேகமான முறையேயன்றி நல்ல முறையன்று. பற்கரணையால் ஓட்டின் முழுப் பரப்பிலும் சீவித் தடவ வேண்டும். வேலை நடக்கையில், அப்பொழுது பதித்த ஓடு ஒன்றை எடுத்துக் காட்டச் சொன்னால், அடி நிரம்பியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

நான்காவது இணைப்பு இடைவெளி. ஓட்டோடு ஓட்டை ஒட்டிப் பதித்தால் அழகு என்று சிலர் எண்ணுவர். வெயிலில் தரை விரியும்பொழுது அதற்கு இடமில்லாவிடில், இரண்டு ஓடுகள் ஒன்றையொன்று தள்ளிக் கூடாரம் போல் எழும்பும். ஓடுகளிடையே சிறு பிளாஸ்டிக் கட்டை வைத்து 2 மில்லிமீட்டராவது இடைவெளி விட வேண்டும். சுவரோரமும் சிறிது இடம் விட்டால், அதைச் சுவரடிப் பட்டி மறைத்துக்கொள்ளும். பதித்து ஒரு நாள் சென்ற பின்னரே இணைப்பில் பூச்சு நிரப்ப வேண்டும். அதுவரை தரையில் நடத்தலாகாது. நெல் மூட்டை, பீரோ போன்ற பாரங்களை ஒரு வாரம் வரை ஏற்றாதிருப்பது நன்று.

ஐந்தாவது குளியலறை. ஓடு நீரைத் தடுக்கும் என்று நம்பி இருத்தல் கூடாது. நீர் இணைப்புகளின் வழியே கீழிறங்கும். எனவே ஓட்டுக்கு முன்பே நீர் தடுக்கும் பூச்சு இட்டு, வடிகுழாயை அடைத்து, 24 மணி நேரமாவது நீர் கட்டி வைத்து, கசிவு உண்டா என்று பார்க்க வேண்டும். தரைச் சரிவு அடிக்கு அரைக்கால் அங்குலம் வீதம் வடிகுழாயை நோக்கி அமைய வேண்டும்.

தொழிலாளர் நலம்

நம் வீட்டில் வேலை செய்பவரின் உடல் நலமும் நம் பொறுப்பில் ஒரு பங்காகும். ஓட்டை உலர்வாக இயந்திரத்தால் வெட்டும்பொழுது எழும் தூசியில் நுண்ணிய சிலிக்காத் துகள் உண்டு. நாட்பட அதை உட்கொள்வோரின் நுரையீரல் இறுகிப் பழுதாகும்; அதை மீண்டும் பழைய நிலைக்குக் கொணர மருந்தில்லை. ஆகவே வீட்டுக்கு வெளியில், நீர் விட்டு வெட்டச் செய்ய வேண்டும். முகமூடியும் கண்ணாடியும் அணிய வேண்டும். நீரும் மின்சாரமும் சேர்வதால், மின்கசிவு நிறுத்தி உள்ள இணைப்பிலேயே இயந்திரத்தை மாட்ட வேண்டும். கொத்தனாரும் சித்தாளும் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்தவர்களா என்று கேட்க வேண்டும். 1994ஆம் ஆண்டு அமைந்த அவ்வாரியம், பதிவு பெற்றோருக்கு விபத்து உதவி, பிள்ளைகளுக்குக் கல்வி உதவி முதலியன வழங்குகிறது. பதிவில்லாதவரைப் பதிவு செய்யத் தூண்டுவது நல்ல தொண்டு. பதினான்கு வயது நிரம்பாத சிறுவரை மண் சுமக்கவோ ஓடு எடுத்துக் கொடுக்கவோ அமர்த்துவது சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவூட்டுகிறோம்.

குறை நேர்ந்தால்

கடைசித் தவணைக்கு முன் தரை முழுவதையும் தட்டிப் பார்த்து, காலியொலி தரும் ஓடுகளில் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, மேஸ்திரியையும் உடன் வைத்துக்கொண்டு தாளில் எழுத வேண்டும். பெரும்பாலான குறைகள் இந்நிலையிலேயே தீரும். தீராவிடில் இரு தரத்தார்க்கும் வேண்டிய பெரியவர் ஒருவரை வைத்துப் பேசலாம். அதற்கும் இசையாவிடில், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழி காட்டுகிறது. வீட்டுக் கட்டுமானப் பணி அச்சட்டத்தில் சேவையாகக் கொள்ளப்படுகிறது. குறை தோன்றியதிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவித் தொலைபேசி எண்ணில் ஆலோசனை பெறலாம். தனிப்பட்ட ஊழிய உடன்பாட்டை இச்சட்டம் சேவையாகக் கொள்வதில்லை என்பதால், நாட்கூலி ஏற்பாட்டில் செய்த வேலைக்கு இவ்வழி எளிதாகக் கிட்டாது. எங்கே முறையிட்டாலும் முதலில் கேட்கப்படுவன ரசீதும் எழுத்துமே.

ஊராட்சி உறுப்பினர்கள் செய்யத் தக்கவை

மேலே கூறிய எட்டுக் குறிப்புகளையும் கொண்ட ஒரு மாதிரித் தாளை ஊராட்சி அலுவலகத்தில் வைத்து, வேண்டுவோர்க்குப் படி எடுத்துக் கொடுக்கலாம். ஊரிலுள்ள கொத்தனார்களின் பெயர்களையும் அவர்கள் செய்த வேலைகளையும் ஒரு பட்டியலாக எழுதி, எவரையும் உயர்த்தாமலும் தாழ்த்தாமலும் யாவரும் பார்க்க வைக்கலாம். எழுத்தறியாதவர்க்குத் தாளைப் படித்துக் காட்டிச் சாட்சிக் கையொப்பம் இடலாம். ஆனால் ஒருவரை அமர்த்துமாறு வற்புறுத்துவதோ, அதற்கெனப் பொருள் பெறுவதோ உறுப்பினருக்கு அடாது.

இன்னொன்றும் கருதத் தக்கது. இக்கட்டுரையில் கூறிய ஒப்பந்த முறை தனியார் வீட்டுக்கே உரியது. அங்கன்வாடி, பள்ளி, ஊராட்சி அலுவலகம் முதலிய பொதுக் கட்டடங்களின் வேலையை ஒப்படைப்பதற்கு, 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைச் சட்டமும் ஊராட்சி விதிகளும் உள்ளன. அவற்றின் வழியே நடத்தல் வேண்டும். ஆயின், மூடுமுன் பார்த்தல் என்னும் பாடம் பொதுக் கட்டடத்துக்கும் பொருந்தும். நிரப்பு மண்ணுக்குத் திமிசு போடும் நாளில் உறுப்பினர் ஒருவர் அங்கு நிற்பாராயின், பின்னாளில் அங்கன்வாடிக் குழந்தைகள் விரிந்த தரையில் இடறி விழ நேராது.

வரும் கிராம சபைக் கூட்டத்தில் இக்குறிப்புகளை ஒருவர் உரக்கப் படித்து, ஊர்க் கொத்தனார்களையும் அழைத்துக் கலந்து பேசுமாறு வேண்டுகிறோம். வேலை தருவோரும் செய்வோரும் ஒரே கூட்டத்தில் அமர்ந்து அளக்கும் முறையையும் தவணையையும் ஊர் வழக்கமாக வகுத்துக்கொண்டால், ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியே வாதாட வேண்டியதில்லை. அடுத்த தை மாதத்துக்குள் வீட்டு வேலை தொடங்க எண்ணியிருப்போர், ஓட்டுக் கடைக்குச் செல்லுமுன் அளவு நாடாவும் ஒரு வெள்ளைத் தாளும் எடுத்துக்கொண்டு, தம் வீட்டை ஒருமுறை அளந்து எழுதுவதிலிருந்து தொடங்குவார்களாக.